லண்டன் பேரேட்டில் கரீபிய அடிமைகள் ஏறியது எப்படி?

கேள்வி இதுதான்: 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் வியாபாரிகள் கரீபியத் தீவுகளில் நேரடியாக அடிமைகளை வைத்திருந்தார்களா, இல்லை அங்கே விளைந்த சர்க்கரையை வாங்கி விற்றதோடு சரியா? இன்றைய பிரிட்டிஷ் வங்கிகளுக்கும் அந்தப் பணத்துக்கும் தொடர்பு உண்டா?

இரண்டும் செய்தார்கள். ஆனால் கேள்வியை இப்படி இரண்டாகப் பிரித்தால் நடுவில் இருக்கும் பெரிய விஷயம் கண்ணில் படாமல் போய்விடும். அந்த நடு விஷயம் கடன். மனிதர்களைப் பிடித்துக் கப்பலேற்றி விற்றதில் கிடைத்த லாபத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஜமைக்காவை வாழ்நாளில் எட்டிப் பார்க்காத லண்டன் மண்டிக்காரர் ஒருவர் வட்டி, கமிஷன், ஜாமீன், அடமானம் என்று வரிசையாகப் போட்டு எடுத்த பணம் அதைவிட நிதானமாகவும் நிச்சயமாகவும் வந்தது. கொடுத்த கடன் திரும்பாதபோது அவர் பேரில் முந்நூறு நானூறு அடிமைகளும் வந்து சேர்ந்தார்கள். அதனால் அடிமைகளை வைத்திருந்தாரா, சர்க்கரை வாங்கினாரா என்று கேட்டால், பேரேட்டின் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் அளவு. அட்லாண்டிக் அடிமை வணிகம் நடந்த காலம் முழுவதும் சேர்த்து பிரிட்டிஷ் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றியவர்கள் 30 லட்சத்துக்கும் மேல், உயிரோடு இறங்கியவர்கள் சுமார் 27 லட்சம். இதில் மிகப்பெரிய பங்கு 18ஆம் நூற்றாண்டில் நடந்தது. ஆரம்பத்தில் இது ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் ஏகபோகம். 1672இல் மன்னர் கொடுத்த பட்டயம் அது. அந்தக் காலத்து கினி என்ற தங்க நாணயம் தெரியும் அல்லவா, அதற்குப் பேர் வந்ததே ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து வந்த தங்கத்தால்தான். பல நாணயங்களில் கம்பெனியின் யானைச் சின்னமும் இருக்கும். 1698இல் பாராளுமன்றம் ஏகபோகத்தை உடைத்தது. பத்து சதவீத வரி கட்டினால் யார் வேண்டுமானாலும் கப்பல் விடலாம் என்றார்கள், 1712இல் அந்த வரியும் போயிற்று. அதற்கப்புறம்தான் பிரிஸ்டலும் லிவர்பூலும் களத்தில் இறங்கின. நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டனிலிருந்து கிளம்பிய அடிமைக் கப்பல்களில் நாலில் மூன்று லிவர்பூல் கப்பல்.

ஒரு கப்பலை அனுப்ப ஆயிரக்கணக்கான பவுண்டு வேண்டும், தனி ஆள் போட மாட்டார். ஆறு, ஏழு, பத்துப் பேர் கூட்டு சேர்வார்கள். அரைக்கால் பங்கு, வீசம் பங்கு, அரைவீசம் என்றெல்லாம் பிரித்துக்கொள்வார்கள். லிவர்பூலில் மளிகைக் கடைக்காரர், வக்கீல், தையல்காரர், முடிதிருத்துபவர், மெழுகுவர்த்தி செய்பவர் என்று சின்ன ஆட்களெல்லாம் இப்படி ஒரு பங்கு வாங்கி வைத்திருந்ததாக அந்தக் காலத்து ஊர்க்காரர்களே எழுதியிருக்கிறார்கள். பெரிய கைகளும் உண்டு. வில்லியம் டேவன்போர்ட் என்பவர் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பயணங்களில் பங்கு வைத்திருந்தார். அவருக்கு வெனிஸ் கண்ணாடி மணி வியாபாரமும் உண்டு, மணிகள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கும் சரக்கில் ஒன்று.

சரக்கு என்றால் என்ன? துப்பாக்கி, வெடிமருந்து, பித்தளைப் பாத்திரம், இரும்புப் பாளம், சாராயம், மாலத்தீவிலிருந்து வந்த சோழி. எல்லாவற்றையும்விட அதிகம் துணி. அந்தத் துணியில் நம் பக்கத்துத் தறிகளுக்கும் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் சாயம் தோய்த்த பருத்தித் துணிக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் நல்ல கிராக்கி, அதில் ஒரு வகைக்கு ஐரோப்பியர் வைத்த பேரே கினித் துணி. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைப் பட்டணத்திலும் கடலூரிலும் கொள்முதல் செய்து லண்டனில் ஏலம் விடும், ஆப்பிரிக்கக் கப்பல்காரர்கள் அங்கே எடுப்பார்கள். 1721 சட்டப்படி இந்தியாவின் அச்சுப் பருத்தித் துணியை இங்கிலாந்தில் உடுத்தக்கூடாது, உள்ளூர் நெசவைக் காப்பாற்ற வந்த தடை அது. ஆனால் மறு ஏற்றுமதிக்குத் தடை கிடையாது. மான்செஸ்டர்காரர்கள் இந்தத் துணியைப் பார்த்துப் போலி செய்ய முயன்று, ஆப்பிரிக்கர்கள் சாயத்தை முகர்ந்தும் தேய்த்தும் பார்த்து வேண்டாம் என்று தள்ள, பல பத்தாண்டுகள் தடுமாறித்தான் தரத்தை எட்டினார்கள்.

இந்தச் சரக்கு எதற்கும் கப்பல் முதலாளி ரொக்கம் கொடுப்பதில்லை. துணிக்காரரும் பாத்திரக்காரரும் 12 மாதம், 18 மாதம் தவணை கொடுப்பார்கள். அதாவது கப்பல் கிளம்பும்போதே கடனில்தான் மிதக்கிறது.

இங்கே பாடப்புத்தக முக்கோணத்தைக் கொஞ்சம் திருத்த வேண்டும். பிரிட்டனிலிருந்து சரக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை, கரீபியனிலிருந்து சர்க்கரை என்று ஒரே கப்பல் மூன்று மூலையும் சுற்றிவந்ததாகப் படம் போடுவார்கள். அடிமைக் கப்பல் பல சமயம் பாதி காலியாகத்தான் திரும்பியது. பெருவாரியான சர்க்கரை போனது அதற்கென்றே ஓடிய வேறு கப்பல்களில். அப்படியானால் அடிமைகளை விற்ற பணம் எப்படி வந்தது? காகிதமாக வந்தது.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேப்டன் தானே கூவி விற்க மாட்டார், உள்ளூரில் ஒரு ஏஜென்ட் இருப்பார், கமிஷன் எடுத்துக்கொண்டு விற்றுக் கொடுப்பார். வாங்குகிற தோட்டக்காரரிடம் ரொக்கம் இருக்காது, கரும்பு வெட்டி ஆலையாடி சர்க்கரை லண்டன் போய் விற்றால்தான் காசு. ஆக அவருக்கும் தவணை. ஆனால் லிவர்பூல் முதலாளி அத்தனை நாள் காத்திருக்க முடியாது, அவருக்குத் துணிக்காரர் கெடு வைத்திருக்கிறார். அதனால் ஏஜென்ட் உண்டியல் எழுதுவார். கோயில் உண்டியலைச் சொல்லவில்லை, நகரத்தார் கணக்கில் உண்டியல் என்பார்களே, இன்ன தேதியில் இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று எழுதும் அந்தச் சீட்டு, ஆங்கிலேயர் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் என்பது. 12 மாதம், 24 மாதம், 36 மாதம் என்று கெடு வைத்து, லண்டனில் தனக்கு ஜாமீன் நிற்கும் மண்டியின் மேல் எழுதி, அடிமைகளை இறக்கிய அதே கப்பலில் கொடுத்தனுப்புவார். அந்த லண்டன் மண்டி ஜாமீன் நிற்காவிட்டால் இந்த விற்பனையே நடக்காது.

சீட்டு லிவர்பூல் வந்ததும் முதலாளி அதை வங்கியில் கொடுத்து, கெடு வரைக்குமான வட்டியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். அல்லது பின்பக்கம் கையெழுத்துப் போட்டுத் துணிக்காரரிடமே தள்ளிவிடலாம். அவர் நூல் வியாபாரியிடம் தள்ளுவார். லிவர்பூலும் மான்செஸ்டரும் இருந்த லங்காஷயரில் அன்றைக்கு நாணயத்துக்குத் தட்டுப்பாடு, இப்படிப்பட்ட உண்டியல்கள் கைமாறிக் கைமாறிப் பணம் போலவே புழங்கின. ஒரு தீவில் ஒரு பெண்ணையும் இரண்டு பிள்ளைகளையும் விற்ற சீட்டு, மான்செஸ்டரில் யாரோ நூல் வாங்கக் கொடுத்த காசு. சீட்டில் அவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள், தொகையும் தேதியும் மட்டும்தான்.

இந்தச் சங்கிலியின் மூன்று கண்ணியையும் ஒரே குடும்பம் பிடித்திருந்ததும் உண்டு. ஹிபர்ட் குடும்பம் மான்செஸ்டரில் துணி வியாபாரம். அதில் தாமஸ் ஹிபர்ட் 1734இல் ஜமைக்கா போய் கிங்ஸ்டனின் பெரிய அடிமை ஏஜென்ட்டுகளில் ஒருவரானார். அவர் 1755இல் கட்டிய மாளிகை இன்றும் கிங்ஸ்டனில் நிற்கிறது. அடுத்த தலைமுறை லண்டனில் சர்க்கரை மண்டி வைத்தது. அதில் வந்த ஜார்ஜ் ஹிபர்ட், 1802இல் திறந்த வெஸ்ட் இந்தியா துறைமுகத் திட்டத்துக்கு முன்னின்றவர்களில் ஒருவர். இன்று கண்ணாடிக் கோபுரமாக வங்கிகள் நிற்கும் கனரி வார்ஃப் இருக்கிற இடம் அது.

சரி, லண்டன் மண்டிக்கு வருவோம். இதுதான் என் பதிலின் நடு.

தோட்டக்காரர் சர்க்கரையைத் தீவிலேயே விற்பதில்லை. பீப்பாயில் அடைத்து, தன் கணக்கிலேயே லண்டன் மண்டிக்கு அனுப்புவார். மண்டிக்காரர் விற்றுக் கொடுத்து இரண்டரை சதவீதம் கமிஷன் எடுப்பார். வெறும் இரண்டரைதானே என்று நினைக்க வேண்டாம். சரக்கு போனதும் தோட்டக்காரருக்கு வரும் விற்பனைக் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும்: கப்பல் கூலி, சுங்க வரி, இன்ஷூரன்ஸ், படகுக் கூலி, துறைக் கூலி, கிட்டங்கி வாடகை, பீப்பாய் பழுது பார்த்த கூலி, தரகு, அப்புறம் கமிஷன். கமிஷனும் கழிவெல்லாம் போன மிச்சத்தில் போடுவதில்லை, மொத்தத் தொகையில் போடுவது. அது ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் தோட்டத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் அதே மண்டிக்காரர்தான் வாங்கி அனுப்புகிறார்: மண்வெட்டி, ஆணி, கொதிகலன், அடிமைகளுக்கு உடுத்தும் முரட்டு லினன், உப்பு போட்ட ஹெர்ரிங் மீன், எஜமானிக்குப் பட்டு, பையனுக்கு லண்டன் பள்ளிக்கூடச் சம்பளம். அதற்கும் கமிஷன் உண்டு. கப்பலில் மண்டிக்காரருக்குப் பங்கு இருந்தால் கூலியும் அவருக்கே.

ஆண்டுக் கடைசியில் கணக்கு முடித்தால் பெரும்பாலும் தோட்டக்காரர் பேரில் பற்று நிற்கும். நின்ற பாக்கிக்கு வட்டி. இங்கிலாந்தில் 1714 முதல் வட்டிக்கு உச்சவரம்பு ஐந்து சதவீதம், தீவுகளில் அதைவிடக் கூடுதலாக வாங்கலாம். அதனால் காசு வைத்திருந்த லண்டன்காரருக்குத் தீவுக் கடன் இனித்தது.

தோட்டக்காரர் ஏன் இப்படி ஓயாமல் கடன் வாங்கினார்? ஊதாரித்தனம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு, அதைச் சொல்லக் கொஞ்சம் கூசுகிறது. அடிமைகள் செத்துக்கொண்டே இருந்தார்கள். கரும்புத் தோட்டத்தில் பிறப்பைவிட இறப்பு அதிகம். பார்படாஸில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏறக்குறைய 5 லட்சம், அதில் சிலரை வேறு தீவுகளுக்கு மறுபடி ஏற்றினார்கள்தான். 1834இல் அங்கே இருந்த அடிமைகள் எத்தனை பேர் தெரியுமா? சுமார் 83,000. ஆலை ஓட வேண்டுமென்றால் செத்தவர்களுக்குப் பதில் ஆட்கள் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், வாங்கத் தவணை வேண்டும், தவணைக்கு லண்டன் ஜாமீன் வேண்டும். இப்படித்தான் அந்தச் சாவு மண்டிக்காரரின் வட்டி வருமானமாக மாறியது.

கடன் கொடுத்தவருக்குப் பயம் ஒன்று இருந்தது. தீவுச் சட்டசபைகள் தோட்டக்காரர்கள் கையில். கடன்காரனைக் காப்பாற்றும் சட்டமாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், நிலத்தைத் தொட விடமாட்டார்கள். லண்டன், பிரிஸ்டல், லிவர்பூல் வியாபாரிகள் பாராளுமன்றத்தில் மனுப் போட்டு முறையிட்டார்கள். 1732இல் வந்தது காலனிக் கடன் சட்டம். காலனியில் இருப்பவர் பிரிட்டனில் இருப்பவருக்குப் பட்ட கடனுக்கு அவருடைய நிலம், வீடு, அடிமைகள் எல்லாவற்றையும் பிடித்து விற்று வசூல் செய்யலாம். தோட்டத்தோடு சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்றும் இல்லை, ஆட்களைத் தனித்தனியாகப் பிரித்து ஏலம் விடலாம். 1797 வரை இப்படியே நடந்தது.

என் பார்வையில் 18ஆம் நூற்றாண்டுச் சட்டங்களில் இதற்குச் சமமாக அதிகம் சேதம் செய்தவை சிலதான், ஆனால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. இந்தச் சட்டத்துக்குப் பிறகு அடிமை என்பவர் முதல் தரமான அடமானப் பொருள். நிலத்தைவிட நல்லது, நிலத்தை நகர்த்த முடியாது, இவர்களை நகர்த்தலாம். அந்தக் காலத்து அடமானப் பத்திரம் ஒன்றைப் பார்த்தால் போதும். கரும்புக் காடு இத்தனை ஏக்கர், சாறு காய்ச்சும் கொதிவீடு, சர்க்கரை வடியவிடும் வடிவீடு, செப்புக் கொப்பரை, கோவேறு கழுதை, மாடு, அதோடு பேர் பேராக அடிமைகள். குவாஷி, கட்ஜோ, ஃபிபா என்று ஆப்பிரிக்கப் பேர், குடும்பப் பேர் இல்லாத ஒற்றைப் பேர்கள். கடைசியில் வழக்கமான ஒரு வாசகம்: அந்தப் பெண்களுக்கு இனிப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் இதில் அடக்கம். பிறக்காத பிள்ளைக்கு லண்டனில் ஒருவர் வட்டி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இதை வைத்து மேலே வந்தவர்களில் லாசெல்ஸ் குடும்பத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஹென்றி லாசெல்ஸ், 1690இல் பிறந்தவர், யார்க்ஷயர்காரர். பார்படாஸ் போய் பிரிட்ஜ்டவுனில் சுங்க அதிகாரியாக இருந்து அதில் கை நனைத்ததாகக் குற்றச்சாட்டும் வாங்கிக்கொண்டு லண்டன் திரும்பினார். அடிமைக் கப்பலில் பணம் போட்டார், கடற்படைக்கு உணவு சப்ளை ஒப்பந்தம் எடுத்தார், ஜார்ஜ் மாக்ஸ்வெல்லோடு கூட்டு சேர்ந்து சர்க்கரை மண்டி நடத்தினார். ஆனால் பிற்பாடு அவருக்கு முக்கியத் தொழில் தோட்டக்காரர்களுக்குக் கடன் கொடுப்பது. கவனியுங்கள், அந்தக் கட்டத்தில் அவர் பெரிய தோட்ட முதலாளி அல்ல. 1753இல் செத்துப்போனார். அவர் விட்டுப்போன பணத்தில்தான் மகன் எட்வின் 1759இல் ஹேர்வுட் மாளிகையைக் கட்ட ஆரம்பித்தார். ராபர்ட் ஆடம் உள் அலங்காரம், சிப்பன்டேல் மேசை நாற்காலி, இன்றைக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

தோட்டம் அவர்களிடம் குவிந்தது அதற்கப்புறம், 1770களிலும் 80களிலும். கடன்காரர்கள் ஒவ்வொருவராக விழ, அடமானம் ஒவ்வொன்றாக மூழ்க, பார்படாஸ், ஜமைக்கா, கிரெனடா, டொபேகோ என்று நாலு தீவில் 27,000 ஏக்கருக்கு மேல் அவர்கள் பேருக்கு மாறியது. அதிலிருந்த மனிதர்களும் சேர்ந்து மாறினார்கள்.

1770களில் ஏன் இப்படி வரிசையாக விழுந்தார்கள்? 1763இல் ஏழாண்டுப் போர் முடிந்ததும் கிரெனடா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், டொபேகோ பிரிட்டன் கைக்கு வந்தன. புது நிலம், கடன் தாராளம், ஆட்கள் ஓடிப்போய் வாங்கினார்கள். 1772 ஜூனில் லண்டனில் ஒரு வங்கிக் கூட்டாளி, அலெக்சாண்டர் ஃபோர்டைஸ், பங்குச் சூதாட்டத்தில் தோற்றுத் தலைமறைவானார். அந்த ஒரு ஓட்டையில் ஸ்காட்லாந்தின் ஏர் வங்கி கவிழ்ந்தது, கூடவே ஊரெல்லாம் கடன் இறுகியது. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஏலம் தொடங்கியது.

அரசியலைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வில்லியம் பெக்ஃபோர்டு ஒருவர் போதும். ஜமைக்காவில் பிறந்தவர், அங்கே பன்னிரண்டுக்கு மேல் தோட்டம், ஆயிரக்கணக்கில் அடிமைகள், லண்டன் நகரத்துக்கு இரண்டு முறை மேயர், 1762லும் 1769லும். மக்களின் சுதந்திரத்துக்காக மன்னரிடமே எதிர்த்துப் பேசியவர் என்று கில்ட்ஹாலில், அதாவது லண்டன் நகரமன்றத்தில், சிலை வைத்தார்கள். சுதந்திரம், ஆமாம். அவருக்கு ஊரார் வைத்த பட்டப்பேர் வேறு: கரும்பு ஆல்டர்மன். ஆல்டர்மன் என்றால் நகரசபை மூத்த உறுப்பினர். இவரைப் போன்றவர்கள் பாராளுமன்றத்தில் இருந்ததால் வெளிநாட்டுச் சர்க்கரைக்கு வரி உயர்ந்தே இருந்தது. 1700இல் தலைக்கு ஆண்டுக்கு 4 ராத்தல் (ஒரு ராத்தல் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு) சர்க்கரை தின்ற இங்கிலாந்து 1800இல் 18 ராத்தல் தின்றது, அதுவும் விலை கூடக் கொடுத்து.

இன்ஷூரன்ஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். எட்வர்ட் லாய்டின் காபிக் கடையில் கப்பல்காரர்கள் கூடிப் பேசித் தொடங்கியதுதான் லாய்ட்ஸ். அடிமைக் கப்பல் இன்ஷூரன்ஸில் விதி ஒன்று உண்டு: நோயில் செத்தால் கிடையாது, கப்பலைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் சரக்கைக் கடலில் எறிந்தால் உண்டு. 1781இல் ஸோங் என்ற கப்பல் 442 பேரை ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்காவிலிருந்து கிளம்பியது, அதன் அளவுக்கு மிஞ்சிய கூட்டம். முதலாளிகள் லிவர்பூலின் முன்னாள் மேயர் வில்லியம் கிரெக்சனின் கூட்டு. ஜமைக்காவைப் பார்த்தும் வேறு தீவு என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்கள். கப்பலில் நோய். குடிநீர் போதாது என்று சொல்லி, சில நாட்களில், மூன்று தடவையாக, 130க்கும் மேற்பட்டவர்களைக் கடலில் தள்ளினார்கள். தலைக்கு 30 பவுண்டு என்று முதலாளிகள் க்ளெய்ம் போட்டார்கள். 1783இல் லண்டனில் ஜூரி முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்ஷூரன்ஸ்காரர்கள் மறு விசாரணை கேட்டுப் போனபோதுதான், நடுவில் மழை பெய்து தண்ணீர் கிடைத்தது என்பதும் அதற்குப் பிறகும் ஆட்களைத் தள்ளினார்கள் என்பதும் வெளியே வந்தது. தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு மறு விசாரணைக்கு உத்தரவு போட்டார். ஜூரி இதைக் குதிரையைக் கடலில் எறிந்த வழக்கு மாதிரித்தான் எடுத்துக்கொண்டது, கேட்கவே அதிர்ச்சியாக இருக்கிறது என்று அவரே சொன்னார். ஒன்றை மறக்கக் கூடாது, இது கொலை வழக்கு அல்ல. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஓலாடா எக்குவியானோ சேதி சொல்ல, அடிமை முறையை எதிர்த்த கிரான்வில் ஷார்ப் கொலை வழக்குப் போட எவ்வளவோ முயன்றும் யார் மேலும் போடவில்லை. நீதிமன்றம் பார்த்தது பாலிசியை மட்டும்தான்.

எல்லாம் சேர்த்து பிரிட்டனுக்கு எவ்வளவு லாபம்? இதில் சண்டை உண்டு. பின்னாளில் டிரினிடாட் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் 1944இல், அடிமை லாபம்தான் தொழிற்புரட்சிக்கு முதல் கொடுத்தது என்று வாதிட்டார். மறுத்தவர்கள் கப்பல் கணக்குகளை எடுத்து, பயணத்துக்குச் சராசரியாகப் பத்து சதவீதம் போலத்தான் லாபம், இது ஒரு நாட்டையே தூக்கி நிறுத்துகிற தொகை அல்ல என்றார்கள். கணக்கு சரிதான், ஆனால் கப்பலைப் பிடித்துக்கொண்டு தொங்குவது தப்பு என்பேன். உண்டியலை மாற்றிக் கொடுத்த வங்கி, பாலிசி எழுதியவர், தவணை கொடுத்த துணிக்காரர், கமிஷன் எடுத்த மண்டி, அடமானத்தில் பணம் போட்டு வட்டி வாங்கிச் சாப்பிட்ட நாட்டுப்புற விதவை, இவர்களெல்லாம் கப்பல் கணக்கில் வரமாட்டார்கள். நீண்ட தவணைக் கடனை நம்பகமாக நடத்துவது எப்படி என்று பிரிட்டிஷ் பணச்சந்தை படித்த பள்ளிக்கூடங்களில் கரீபியன் முக்கியமானது. தொழிற்புரட்சி அதனால் மட்டும் வந்தது என்று சொல்லமாட்டேன், அது இல்லாமலும் அப்படியே வந்திருக்கும் என்றும் சொல்லமாட்டேன்.

இந்தக் கடன் வலை எவ்வளவு அகலம் என்பது வெளிப்பட்டது அடுத்த நூற்றாண்டில். 1833இல் அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு இல்லை, முதலாளிகளுக்கு. அரசின் ஓராண்டுச் செலவில் சுமார் 40 சதவீதம் அது. கிட்டத்தட்ட பாதித் தொகை பிரிட்டனிலேயே தங்கியது, ஏனென்றால் வரிசையில் நின்றவர்களில் ஊரில் இல்லாத முதலாளிகளோடு அடமானம் பிடித்த வியாபாரிகளும் வங்கிக்காரர்களும் ஏராளம். லாசெல்ஸ் குடும்பத்து ஹேர்வுட் பிரபுவுக்கு 1,277 பேருக்காக 26,000 பவுண்டுக்கு மேல். அரசு இதற்காக வாங்கிய 1.5 கோடி பவுண்டு கடனை வங்கிக்காரர் ரோத்ஸ்சைல்டு தலைமையில் திரட்டினார்கள். அந்தக் கடனின் கடைசித் துண்டை பிரிட்டிஷ் அரசு அடைத்து முடித்தது 2015இல்.

இன்றைய வங்கிகளைக் கேட்டிருந்தீர்கள். லிவர்பூலில் அடிமை வணிகம் செய்த ஹேவுட் குடும்பம் 1773இல் தொடங்கிய வங்கி, கைமாறிக் கைமாறி 1969இல் பார்க்லேஸில் போய்ச் சேர்ந்தது. முன்னே சொன்ன இன்ஷூரன்ஸ் லாய்ட்ஸ் 2020இல் மன்னிப்புக் கேட்டது, பாங்க் ஆஃப் இங்கிலாந்தும் கேட்டது. பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கதை விசித்திரம். 1727 முதல் 29 வரை அதன் கவர்னராக இருந்த ஹம்ஃப்ரி மோரிஸ் தன் காலத்து லண்டனின் பெரிய அடிமை வியாபாரி. 1731இல் அவர் செத்த பிறகுதான், வங்கியிலேயே பொய் உண்டியல் கொடுத்துப் பணம் எடுத்திருந்தது தெரிந்தது, சொந்த மகள்களின் சொத்துப் பணத்தையும் விட்டுவைக்கவில்லை. அது தனி ஆளின் கதை என்று தள்ளலாம். ஆனால் 2022இல் வங்கியே நடத்திய கண்காட்சியில் ஒன்றை ஒப்புக்கொண்டது. அலெக்சாண்டர் அண்டு சன்ஸ் என்ற வியாபார நிறுவனம் 1770களில் கடனைக் கட்டாமல் விழுந்தபோது, கிரெனடாவில் இரண்டு தோட்டங்களும் அதிலிருந்த 599 மனிதர்களும் வங்கியின் கைக்கு வந்தார்கள். யாரும் அடிமை வாங்கலாம் என்று போர்டு மீட்டிங்கில் முடிவெடுக்கவில்லை. அடமானம் மூழ்கியது, அவ்வளவுதான்.

அடிமை முறையை எதிர்த்தவர்கூட இதில் தப்பவில்லை. டேவிட் பார்க்லே, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர், லண்டன் வங்கிக்காரர், பார்க்லேஸ் என்ற பேர் வந்த அதே குடும்பம், அடிமை வணிகத்துக்கு எதிராக வெளிப்படையாக வேலை செய்தவர். அவருக்கும் சகோதரர் ஜானுக்கும் வர வேண்டிய பாக்கி ஒன்றுக்கு ஈடாக ஜமைக்காவில் யூனிட்டி வேலி என்ற மாட்டுப் பண்ணை வந்து சேர்ந்தது, பண்ணையோடு 32 அடிமைகள். விற்றுக் காசாக்கியிருக்கலாம், மற்றவர்கள் அப்படித்தான் செய்தார்கள். 1795இல் பார்க்லே அங்கே ஆள் அனுப்பி அவர்களை விடுவித்து, பிலடெல்பியாவுக்குக் கப்பலேற்றி, தொழில் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தார். முழுச் செலவும் அவர் கைப்பணம்.